வாசகர் கேள்வி – பதில்: மாடத்தில் புனிதர், மாடத்தின் பின்னால் அம்புத் துளை

கேள்வி: இங்கிலாந்தில் படிக்கும் என் மகள், பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊரிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். உயரமான கல் வாயில், முகப்பெங்கும் சிலையில்லாத மாடங்கள். உள்ளே போனால் பூந்தோட்டம்தான் இருக்கிறதாம். இது கோட்டையா, தேவாலயமா? தோட்டத்துக்கு இவ்வளவு பெரிய வாசலை யார் கட்டினார்கள்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அது கோட்டையும் அன்று, தேவாலயமும் அன்று. பெனடிக்ட் சபைத் துறவிகள் ஏறத்தாழ 500 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மடத்தின் தலைவாயில் அது. தோட்டம் பிற்காலத்தில் வந்தது. மடம் அழிந்தபின் வெறுமையாய்க் கிடந்த பெரிய முற்றத்தில் 1831-ஆம் ஆண்டு தாவரவியல் பூங்கா அமைத்தார்கள். அதற்கு முன்பே கட்டி நின்ற வாயில் பூங்காவுக்கு வாசலாகிவிட்டது.

மடத்தின் கதை ஒரு கொலையில் தொடங்குகிறது. கிழக்கு ஆங்கிலியாவின் மன்னர் எட்மண்டை டேனியப் படையினர் 869-இல் கொன்றார்கள். மக்கள் அவரைப் புனிதராகப் போற்றினார்கள். அவருடைய உடல் பின்னர் இந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டது, யாத்திரிகர்களும் வரத் தொடங்கினார்கள். 1020-இல் இங்கே துறவிகளை அமர்த்தி முறையான மடம் அமைத்தவர் கனூட் மன்னர். அவரும் டேனியர்தாம் என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அவருக்குப் பின் வந்த எட்வர்ட் மன்னர் சஃபோக் மாவட்டத்தின் மேற்குப் பகுதி முழுவதையும் ஆளும் உரிமையை மடத்துக்கு எழுதிக் கொடுத்தார். அரசனுடைய அதிகாரிகள் செய்ய வேண்டிய வேலைகளை அங்கே மடாதிபதியின் ஆட்கள் செய்தார்கள். நீதிமன்றமும் சிறையும் மடத்துடையவை. நாணயம் அடிக்கும் உரிமைகூட மடத்துக்கு இருந்தது.

ஊரும் மடத்தின் படைப்பே. 1065 முதல் மடாதிபதியாக இருந்த பால்ட்வின், பிரான்சிலிருந்து வந்த மருத்துவர். வயல்களாய் இருந்த இடத்தில் நேர்கோட்டுத் தெருக்களை வகுத்து அவர் ஒரு புது நகரத்தையே எழுப்பினார். முன்பு ஏர் ஓடிய நிலத்தில் இப்போது 342 வீடுகள் இருக்கின்றன என்று 1086-இல் எடுக்கப்பட்ட நிலக் கணக்கு சொல்கிறது. அந்த வீடுகளில் குடியேறிய வணிகரும் கைவினைஞரும் தலைமுறை தலைமுறையாய் மடத்துக்கு வாடகையும் சந்தை வரியும் கட்டினார்கள். அவர்களுடைய ஊர்த் தலைவர் பதவியேற்க வேண்டுமானாலும் மடாதிபதியின் ஒப்புதல் தேவைப்பட்டது. உங்கள் மகள் படமெடுத்த வாயிலைப் புரிந்துகொள்ள அதன் கல்வேலையைவிட இந்த நில உறவையே முதலில் பார்க்க வேண்டும்.

கேள்வி: அதே ஊரில் இன்னொரு வாயிலும் இருப்பதாகப் படித்தேன். ஒரு மடத்துக்கு எதற்கு இரண்டு வாசல்?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டுக்கும் வேலை வேறு. தெற்கே நிற்பதை நார்மன் கோபுரம் என்கிறார்கள். அது 1120-க்கும் 1148-க்கும் இடையில், ஆன்செல்ம் என்பவர் மடாதிபதியாக இருந்த காலத்தில் எழுந்தது. மடத்துத் தேவாலயத்தின் மேற்கு வாசலுக்கு நேர் எதிரே அது நிற்கிறது. பால்ட்வின் வகுத்த சர்ச்கேட் தெருவும் அதே கோட்டில் வருகிறது. திருவிழா நாளில் ஊர்வலம் தெருவிலிருந்து கோபுரத்தின் அடியாக நுழைந்து, நேரே தேவாலயத்துக்குள் போய்ச் சேரும்படி அமைத்த வழி அது. கூடவே, பக்கத்தில் ஆன்செல்ம் கட்டிய புனித யாக்கோபு ஆலயத்துக்கு அது மணிக்கூண்டாகவும் பயன்பட்டது. ஸ்பெயினில் உள்ள சந்தியாகோவுக்கு யாத்திரை போக எண்ணியிருந்த ஆன்செல்ம், அந்தப் பயணத்தைக் கைவிட்டு அதற்கு ஈடாக இந்த ஆலயத்தைக் கட்டினார் என்பது மடத்து மரபு. அந்த ஆலயம் 1914 முதல் மறைமாவட்டப் பேராலயமாக இருக்கிறது. அதன் மணிகள் இன்றும் நார்மன் கோபுரத்திலிருந்தே ஒலிக்கின்றன.

வடக்கே இருக்கும் தலைவாயில் வழிபாட்டுக்கான வழி அன்று. அது மடத்தின் பெரிய முற்றத்துக்கு இட்டுச் சென்றது. மடாதிபதியின் மாளிகை, குதிரை லாயங்கள், களஞ்சியங்கள் எல்லாம் அந்த முற்றத்தைச் சுற்றித்தான் இருந்தன. தானிய வண்டிகள், வாடகை கட்ட வந்த குடியானவர்கள், வழக்கோடு வந்தவர்கள், அரசனின் தூதர்கள் ஆகியோர் நுழைந்தது இந்த வழியாகத்தான். சுருங்கச் சொன்னால், தெற்கு வாசல் புனிதரைப் பார்க்க வந்தவர்களுக்கு. வடக்கு வாசல் நிலவுடைமையாளரைப் பார்க்க வந்தவர்களுக்கு.

இரண்டுக்கும் நடுவே இருநூறு ஆண்டு இடைவெளி இருப்பதைக் கட்டடக்கலை தெரியாதவரும் கண்டுகொள்ளலாம். நார்மன் கோபுரத்தில் எல்லா வளைவுகளும் அரைவட்டமானவை. தடித்த சுவர், சதுர உடல், அடுக்கடுக்காய் வரிசை பிடித்த வளைவுகள், தெருப் பக்கம் சற்றே முன்தள்ளிய முக்கோண முகப்பு. ஏறத்தாழ 26 மீட்டர் உயரத்துக்கு அது அழுத்தமாக நிற்கிறது. தலைவாயிலிலோ சுவரின் பரப்பு முழுவதும் செதுக்குவேலைக்குக் களமாகிவிட்டது. மாடங்கள், மாடங்களின் மேல் கூரான சிறு விதானங்கள், வட்டத்துக்குள் சுழலும் பின்னல் கோலங்கள், இருமுக்கோணம் பிணைந்த ஆறுமுனை நட்சத்திரங்கள் என்று கல்தச்சர்கள் கை ஓயாமல் வேலை செய்திருக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தில் கோலோச்சிய அலங்காரக் கோதிக் பாணி இது. ஆங்கிலக் கட்டடக்கலை இதைவிட மகிழ்ச்சியாக இருந்த காலம் வேறில்லை என்பது என் எண்ணம். ஆனால் இந்த வாயில் கட்டப்பட்ட சூழ்நிலையில் மகிழ்ச்சி எதுவும் இல்லை.

கேள்வி: அப்படி என்ன நடந்தது?
– அதே வாசகர்

பதில்: 1327 நடந்தது. அந்த ஆண்டு சனவரியில் இரண்டாம் எட்வர்ட் மன்னர் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். நாட்டில் அதிகாரம் யார் கையில் என்று தெரியாத அந்த வாரங்களில், செயின்ட் ஆல்பன்ஸ், ஆபிங்டன், பெரி ஆகிய மூன்று மடத்து ஊர்களிலும் மக்கள் மடங்களுக்கு எதிராக எழுந்தார்கள். பெரி ஊரில் நடந்ததே மிகக் கடுமையானது.

மடாதிபதி ரிச்சர்ட் லண்டனில் இருந்தார். ஊர்மக்கள் மடத்துக்குள் புகுந்து பொருள்களைச் சூறையாடினார்கள். எனினும் அவர்கள் குறியாய்த் தேடியவை ஆவணங்களே. தங்களைக் கட்டிப்போட்டிருப்பவை அந்தத் தோற்சுருள்கள்தாம் என்று அவர்கள் நம்பினார்கள். அப்படி நம்பியதில் தவறும் இல்லை. ஊருக்குத் தன்னாட்சி வேண்டும், வணிகர் சங்கம் வேண்டும், ஊர் வாசல்களின் காவல் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டயம் எழுதி, திரும்பி வந்த மடாதிபதியிடம் முத்திரை வாங்கினார்கள். அவர் மறுபடி லண்டனுக்குப் போனதும், மிரட்டி வாங்கிய பட்டயம் செல்லாது என்று அறிவித்துவிட்டார். மோதல் ஆண்டு முழுவதும் விட்டுவிட்டு எரிந்தது. அக்டோபரில் துறவிகளே ஆயுதம் ஏந்தி, ஆலயத்தில் கூடியிருந்த ஊர்மக்கள்மேல் பாய்ந்தார்கள். அதற்குப் பழிவாங்கும் வகையில் மடத்தின் பெரும்பகுதிக்கு ஊர் தீ வைத்தது. பழைய தலைவாயில் அழிந்தது இந்தக் கலவரத்தில்தான்.

அரசு படை அனுப்பியது, பலர் தூக்கிலிடப்பட்டார்கள். கதை அதோடு முடியவில்லை. 1328-இல் தப்பியோடியிருந்த கலகக்காரர்கள், தம் பண்ணை வீட்டில் தங்கியிருந்த மடாதிபதியைப் பிடித்து, அடையாளம் தெரியாதபடி மழித்து, கடல் கடத்திப் பிரபான்ட் நாட்டின் டீஸ்ட் என்ற ஊரில் மறைத்து வைத்தார்கள். அவர் மீட்கப்பட்டது அடுத்த ஆண்டு. நீதிமன்றம் ஊருக்கு விதித்த இழப்பீடு 140,000 பவுண்டு. அன்றைய கணக்கில் எந்த ஊரும் கட்ட முடியாத தொகை அது. 1331-இல் சமாதானம் ஏற்பட்டபோது அதில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு எழுப்பப்பட்டதுதான் இன்று நிற்கும் தலைவாயில். கீழ்ப்பகுதி முதலில் எழுந்தது. மேல்தளம் முடிய நூற்றாண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

கேள்வி: அந்த மாடங்களுக்குப் பின்னால் அம்பு எய்யும் துளைகள் இருப்பது உண்மையா? துறவிகள் அம்பு எய்யலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: துளைகள் இருப்பது உண்மை. மாடங்களில் சிலைகள் நின்ற காலத்தில் அவை வெளியே தெரிந்திரா. சிலையை அகற்றினால், அல்லது தள்ளிவிட்டால், துளை திறந்துகொள்ளும். வாயிலின் வழியில், மேலிருந்து சரேலென இறக்கும் கனத்த அழிக்கதவு ஓடுவதற்கான பள்ளமும் சுவரில் இருக்கிறது. தெருவைப் பார்த்த முகப்பின் மேல்தளத்தில் சாளரமே இல்லை. அவ்வளவும் மாடங்களும் வட்டக் கோலங்களுமே. மடத்தின் உட்பக்கத்தைப் பார்த்த சுவரிலோ பின்னல் வேலைப்பாடுள்ள அழகிய பெரிய சாளரம் இருக்கிறது. ஒரே அறைக்கு ஊர்ப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு, மடத்துப் பக்கம் மட்டும் கண் திறந்திருக்கிறார்கள். அம்புத் துளைகளைவிட இந்தச் சாளரம்தான் எனக்கு அதிகம் சொல்கிறது.

துறவிகளே வில்லேந்துவார்கள் என்று எண்ண வேண்டாம்; மடத்துக்குக் கூலிக் காவலர்களும் ஏவலாளர்களும் இருந்தார்கள். ஆனாலும் உங்கள் கேள்வியில் உள்ள உறுத்தல் நியாயமானது. இவர்கள் பின்பற்றியது 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு. அதன் 66-ஆம் இயல் வாயிற்காவலரைப் பற்றிப் பேசுகிறது. விவரம் அறிந்த முதியவர் ஒருவரை வாசலில் அமர்த்த வேண்டும், ஏழை ஒருவர் குரல் கொடுத்தவுடன் அவர் ‘இறைவனுக்கு நன்றி’ என்று மறுமொழி சொல்ல வேண்டும், கனிவோடும் விரைவோடும் விடையளிக்க வேண்டும் என்கிறது. வாயில் என்றால் வரவேற்கும் இடம் என்பதே மூல எண்ணம். எண்ணூறு ஆண்டுகளில் அதே வாயிலில் புனிதரின் சிலைக்குப் பின்னே அம்புத் துளை வந்தது; மனிதர் கெட்டுவிட்டார்கள் என்பதைவிட, மடம் நிலவுடைமையாளராக மாறிவிட்டது என்பதே அதற்குச் சரியான விளக்கம்.

இந்த ஏற்பாடுகள் பயன்பட்டனவா என்றால், இல்லை. 1381-இல் இங்கிலாந்து முழுவதும் உழவர் எழுச்சி பரவியபோது பெரி ஊரும் எழுந்தது. மடத்தின் இரண்டாம் நிலைத் தலைவரான ஜான் என்பவர் ஊருக்கு வெளியே, மில்டன்ஹால் அருகே பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார். அவருடைய தலையையும் நாட்டின் தலைமை நீதிபதி ஜான் கேவண்டிஷின் தலையையும் சந்தைவெளியில் கம்பங்களில் நட்டார்கள். கலகக்காரர்கள் மடத்துக்குள் வந்து, கனூட் மன்னர் ஊருக்குக் கொடுத்ததாகத் தாங்கள் நம்பிய பட்டயங்களைக் காட்டச் சொன்னார்கள். புது வாயில் அப்போது முழுமையாக நின்றுகொண்டிருந்தது. ஆகவே அதைப் போர்க் கட்டடம் என்பதைவிட எச்சரிக்கைப் பலகை என்பது பொருந்தும். அன்றாடம் சந்தைக்கு வருபவர் நிமிர்ந்து பார்த்து, 1327-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இத்தனை செலவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: துறவு மடத்தின் வாயிலுக்கு ஞாயில்கள் வைத்துக் கட்ட அரசனிடம் அனுமதி வாங்க வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வழக்கமாக வாங்கினார்கள். அம்பெய்பவர் மறைந்து நிற்கும்படி சுவரின் உச்சியில் பல்வரிசை வைத்துக் கட்டுவதற்கு மன்னர் உரிமப் பத்திரம் கொடுப்பார். சசெக்ஸில் உள்ள பேட்டில் மடத்துக்கு 1338-இல் அப்படி ஓர் உரிமம் கிடைத்தது. அங்குள்ள வாயிற்கட்டடம் அதன் விளைவு. லிங்கன்ஷயரின் தார்ன்டன் மடம் 1382-இல், அதாவது உழவர் எழுச்சிக்கு அடுத்த ஆண்டே உரிமம் பெற்றது. செங்கல்லும் கல்லும் கலந்து கட்டிய அதன் வாயில், இங்கிலாந்தின் மடத்து வாயில்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அந்த உரிமத்தைப் பாதுகாப்பு அனுமதியாக மட்டும் படிக்கக் கூடாது. பெருநிலக்கிழார்களுக்கு உரிய சிறப்பு எங்களுக்கும் உண்டு என்று காட்டிக்கொள்ளும் கௌரவமும் அதில் அடங்கியிருந்தது.

கேள்வி: மடத்துத் தேவாலயம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டதாம். வாயில்கள் மட்டும் எப்படித் தப்பின?
– வாசகி, சேலம்

பதில்: எட்டாம் ஹென்றி இங்கிலாந்தின் மடங்களையெல்லாம் கலைத்தபோது, பெரி மடம் 1539 நவம்பர் 4-ஆம் நாள் ஒப்படைக்கப்பட்டது. 150 மீட்டருக்கும் மேல் நீண்டு கிடந்த அந்தத் தேவாலயம், ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்களில் ஒன்று. அதன் கூரை ஈயம் அரசுக்குப் போனது. கல், ஊருக்குப் போனது. மடத்தின் இடம் முழுவதும் 1560-இல் நானூற்றுச் சொச்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டது.

இங்கே கல்லைப் பற்றிச் சற்றே விரிவாகச் சொல்ல வேண்டும். கிழக்கு ஆங்கிலியாவில் நல்ல கட்டடக் கல் கிடையாது. கிடைப்பது சிக்கிமுக்கிக் கல்தான். ஆகவே சிக்கிமுக்கிக் கற்களைச் சுண்ணாம்புக் காரையில் கொட்டிச் சுவரின் உள்ளுடலை எழுப்பி, அதன்மேல் பார்னக் என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து வந்த வெளிர் நிறச் சுண்ணாம்புக் கல்லைப் போர்த்தினார்கள். அந்தச் சுரங்கம் பீட்டர்பரோ மடத்துக்குச் சொந்தம். அங்கிருந்து கல்லெடுக்கப் பெரி மடத்தைத் தடுக்கக் கூடாது என்று முதலாம் வில்லியம் மன்னரே கட்டளையிட்டிருந்தார். அத்தனை அருமையான கல் உள்ளூரிலேயே கேட்பாரற்றுக் கிடந்தால் யார்தான் விடுவார்கள்? வீடு கட்டியவர்கள் பெயர்த்தெடுத்தார்கள். இன்று பூங்காவில் உருவமற்ற பாறைத் திட்டுகள்போல் நிற்பவை, மேல்கல் உரிக்கப்பட்ட தூண்களின் உள்ளுடல்களே. தேவாலயத்தின் மேற்கு முகப்பு மட்டும் இன்னொரு வழியில் பிழைத்தது. அதன் வளைவுகளுக்கு உள்ளேயே பிற்காலத்தவர் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள்.

வாயில்கள் தப்பியதற்குக் காரணம் மரியாதை அன்று, பயன். நார்மன் கோபுரத்தை இடித்தால் பக்கத்து ஆலயத்துக்கு மணிக்கூண்டு இல்லை. தலைவாயிலை இடித்தால் உள்ளே இருந்த மாளிகைக்குக் கௌரவமான வாசல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் நார்மன் கோபுரத்தில் விரிசல் கண்டபோது, 1840-களில் காட்டிங்கம் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு அதைச் செப்பனிட்டார்கள்.

கேள்வி: மற்ற ஊர்களிலும் இப்படித்தான் வாயில்கள் எஞ்சினவா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: பெரும்பாலும் ஆம். ரெடிங் மடத்தின் வாயிலில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்கள் பள்ளி ஒன்று நடந்தது. பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஜேன் ஆஸ்டின் சிறுமியாக அங்கே படித்தார். அந்த வாயில் 1861-இல் இடிந்து விழ, கில்பர்ட் ஸ்காட் அதைத் திரும்பக் கட்டினார். எனவே இப்போது பார்ப்பதில் எவ்வளவு பழையது என்று கேட்டுக்கொண்டேதான் பார்க்க வேண்டும்.

செயின்ட் ஆல்பன்ஸ் வாயில் 1360-களில் எழுந்தது. 1381-இல் அதையும் ஊர்மக்கள் முற்றுகையிட்டார்கள். அங்கே சண்டை மாவரைப்பதைப் பற்றியது. எல்லோரும் மடத்தின் ஆலையிலேயே கட்டணம் கொடுத்து அரைக்க வேண்டும் என்பது விதி. வானியல் கடிகாரம் அமைத்துப் புகழ்பெற்ற ரிச்சர்ட் என்ற மடாதிபதி, வீடுகளிலிருந்த கைத்திரிகைகளைப் பறித்து, அந்தக் கற்களை மடத்துக் கூடத்தில் தரையாகப் பதித்திருந்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து ஊர்மக்கள் உள்ளே புகுந்து, தரையைப் பெயர்த்து, கற்களை உடைத்து, ஆலயத்தில் அப்பம் பகிர்வதைப்போல் ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்துகொண்டார்கள். மடம் கலைக்கப்பட்ட பிறகு அந்த வாயில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சிறையாக இருந்தது. 1871 முதல் பள்ளிக்கூடம். கெட்டியான சுவர், மேலே அறைகள், கீழே ஒரே வழி என்ற அமைப்பு இரண்டுக்கும் ஒத்துப்போயிருக்கிறது!

எல்லா மடத்து வாயில்களும் ஊரோடு பகைத்துப் பிறந்தவை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். செருமனியின் லோர்ஷ் மடத்தில் 900-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டிய வாயில் மண்டபம் இருக்கிறது. மூன்று வளைவுகள், ரோமானியப் பாணி அரைத்தூண்கள், சிவப்பும் வெண்மையுமாய்ச் சதுரங்கப் பலகைபோல் பதித்த கற்கள். கதவு வைத்து அடைப்பதற்காக அது கட்டப்படவே இல்லை. 1991 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

கேள்வி: அடுத்த ஆண்டு பெரி ஊருக்குப் போக வாய்ப்பு இருக்கிறது. எதை முதலில் பார்க்கலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சர்ச்கேட் தெருவின் மேல்முனையிலிருந்து இறங்கி வாருங்கள், நார்மன் கோபுரம் எட்ட இருந்தே கண்ணுக்கு நேராக நிற்கும். அடியில் போனதும் தரையைக் கவனியுங்கள். சுற்றியுள்ள நிலம் நூற்றாண்டுகளில் உயர்ந்துவிட்டதால் வாயிலின் பழைய தளம் தாழ்ந்து கிடக்கிறது. கோபுரத்தைக் கடந்தால் வீடுகள் முளைத்த மேற்கு முகப்பும், அதற்கப்பால் தேவாலயத்தின் இடிபாடுகளும். ஜான் மன்னரைப் பணியவைக்கப் பிரபுக்கள் 1214-இல் இந்தத் தேவாலயத்தில் கூடி உறுதிபூண்டார்கள் என்பதைக் குறிக்கும் பலகை ஒன்று அங்கே இருக்கிறது. அதற்கு அடுத்த ஆண்டில் பிறந்ததுதான் மாக்னா கார்ட்டா என்னும் உரிமைப் பட்டயம். அதே ஊர்மக்களுக்கோ, அவர்கள் 1327-இல் கேட்ட தன்னாட்சிப் பட்டயம் 1606-இல்தான் அரசரிடமிருந்து கிடைத்தது.

தலைவாயிலைக் கடைசியாகப் பாருங்கள். பூங்காவின் உள்ளிருந்து அந்தப் பெரிய சாளரத்தைப் பார்த்துவிட்டு, அழிக்கதவின் பள்ளத்தைத் தொட்டுக்கொண்டே வெளியே வந்து, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று முகப்பைப் பாருங்கள். பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது.